வெண்படலம் போர்த்திய தெங்க்ளெங்

“நேத்து நீங்க எழுதினதைப் படிச்சேன், மாஸ். ஸ்டேஷன் பக்கத்து மீன் கடையைப் பத்தி.”

“எப்படி இருந்துச்சு?”

“மின்விசிறி நல்லா சுத்துதுன்னு எழுதியிருந்தீங்க. கை கழுவுற இடம் சுத்தம்னு எழுதியிருந்தீங்க. கடைக்காரர் மகளுக்கு நல்ல இடத்துல சம்பந்தம் அமைஞ்சிருக்குன்னுகூட எழுதியிருந்தீங்க. மீனைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே?”

“மீன்... இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா?”

“தட்டுல இருந்துச்சு.”

வெனிங் சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த குழம்பு பாதி அடுப்பில் சிந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப என் கடையைப் பத்தி என்ன எழுதுவீங்க?” என்றாள்.

“உங்க கடையில மின்விசிறி இல்லையே,” என்றான் குனார்சோ. “சாப்பாட்டைப் பத்தித்தான் எழுதியாகணும்.”

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் வார்த்தை பிசகாமல் குனார்சோவுக்கு நினைவிருந்தது. காரணம், அன்றே அவளிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். வாயைத் திறந்தான். “இன்னும் கொஞ்சம் சோறு,” என்றான்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அதையே கேட்பதற்காக அவள் கடைக்குப் போனான். ஒவ்வொரு முறையும் கேள்வி தொண்டை வரைக்கும் வரும். வெளியே வரும்போது சோறாகவோ, மிளகாய்த் துவையலாகவோ, இன்னொரு எலும்பாகவோ மாறியிருக்கும். மெலிந்த மனிதனாகத்தான் அந்தக் கடைக்குள் முதன்முதலில் நுழைந்தான். இப்போது பாத்திக் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதற்கு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜாவாத் தீவின் சோலோ நகரத்து மனிதர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. பழகிய ஆண்களை ‘மாஸ்’ என்று மரியாதையாகக் கூப்பிடும் ஊர் அது. அங்கே யாரும் யாரிடமும் எதையும் நேராகக் கேட்பதில்லை. பசியோடு விருந்துக்குப் போனாலும், “சாப்பிடுங்க” என்று பலமுறை சொல்லும்வரை தட்டைத் தொடமாட்டார்கள். பெரியவர் கை வைப்பதற்கு முன்னால் சின்னவர் கை வைப்பதில்லை. மனத்தில் இருப்பதைப் பட்டென்று சொல்கிறவனைப் பார்த்தால், பாவம், வளர்ப்பு சரியில்லை என்று வருத்தப்படுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மாலைப் பத்திரிகையில் உணவு விமர்சகனாகக் காலம் தள்ளியதே பெரிய காரியம். குனார்சோ தன் வாழ்நாளில் ஒரு கடையைக்கூடக் குறை சொல்லி எழுதியதில்லை. அதனால்தான் அவனுக்கு எல்லாக் கடைகளிலும் நல்ல பெயர். அதனால்தான் வாரியத்தின் கண்ணிலும் அவன் பட்டான்.

வாரியத்தின் முழுப் பெயர் ‘மரபுச் சுவை உறுதிப்பாடு, ஒருங்கிணைப்பு மற்றும் மேம்பாட்டு வாரியம்’. தலைவரின் முழுப் பெயர் அதைவிட நீளம்: டாக்டர், ஹாஜி, பொறியாளர் சஸ்மித்தோஹாதி, அதற்குப் பின்னால் நான்கு பட்டங்கள். மேடையில் ஒருவர் அதை வாசித்து முடிப்பதற்குள் ஒரு முட்டை அவிந்துவிடும். ஊரின் உணவுகளில் எது அசல், எது போலி என்று கண்டுபிடித்துச் சான்றிதழ் கொடுப்பதுதான் வாரியத்தின் வேலை. இத்தனை காலமாக மக்கள் சான்றிதழ் இல்லாமல் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதை நினைத்தால் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று தலைவர் தொடக்க விழாவில் சொன்னார்.

அந்தத் தொடக்க விழாவுக்குத்தான் வெனிங்கின் தெங்க்ளெங் முதல் முதலாக வரவழைக்கப்பட்டது. தெங்க்ளெங் என்றால் ஆட்டெலும்புக் குழம்பு. மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்து இறங்கியது. கூடம் முழுக்க மஞ்சளும் இலவங்கமும் இஞ்சிப்புல்லும் மணத்தன. நீள மேசையில் பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் குனார்சோ.

யாரும் தொடவில்லை. தலைவர் தொடாமல் எப்படித் தொடுவது? தலைவரும் தொடவில்லை. மாகாண அலுவலகத்திலிருந்து அவருக்கு மேல் ஒருவர் வரவேண்டியிருந்தது. அவர் வழியில் இன்னொரு தொடக்க விழாவில் இருந்தார். அதற்குள் தேசிய கீதம் பாடினார்கள். பிரார்த்தனை நடந்தது. வரவேற்புக் குழுத் தலைவர் அறிக்கை வாசித்தார். வரவேற்புக் குழுத் தலைவரை வரவேற்று ஒருவர் பேசினார். குழம்பிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து, நூலாகி, நின்றே போனது. பிறகு கொழுப்பு மெல்ல மெல்லத் திரண்டு சட்டியின் மேல் வெள்ளையாக உறைந்தது.

மேலதிகாரி வந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. ஆனால் அவரும் மரியாதை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவர். “அருமை,” என்றார். உடனே தலைவர், “மிக அருமை,” என்றார். மேசை நெடுக அருமை இறங்கிக்கொண்டே வந்து குனார்சோவிடம் நின்றது.

அவன் வழக்கம்போல் கூரையைப் பார்த்தான். குளிர்சாதனக் கூடம், மின்விசிறி இல்லை. கை கழுவும் இடத்தையோ இன்னும் கட்டி முடிக்கவில்லை. அன்று மாலை பத்திரிகையில் இப்படி எழுதினான்: ‘சட்டியின் மேல் படர்ந்திருந்த வெண்படலம், மெராப்பி மலை உச்சியின் பனிமூட்டத்தைப் போலக் கண்ணை நிறைத்தது.’

மறுநாள் காலை தலைவர் ஃபோனில் கூப்பிட்டார். “குனார்சோ, நீங்க எழுதினதை நான் ஏழு தடவை படிச்சேன். இத்தனை வருஷமா நாம எல்லாரும் சாப்பிட்டோம், யாராவது கவனிச்சோமா? நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. வெண்படலம்! அதுதான் அசல் அடையாளம்!”

“ஐயா, அது வந்து...”

“தன்னடக்கம் வேணாம். உங்களை வாரியத்தோட சுவை விளக்க உரையாளரா நியமிச்சிருக்கேன்.”

வேண்டாம் என்று சொல்ல குனார்சோவுக்கு வாய் வந்திருந்தால் அவன் வேறு பிழைப்பு பார்த்திருப்பான். “நன்றிங்க ஐயா,” என்றான்.

ஒரு மாதத்துக்குள் விதிமுறை வந்துவிட்டது. அசல் தெங்க்ளெங்கின் மேல் வெண்படலம் இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். சட்டியைச் சாய்த்தால் அசையக் கூடாது. இல்லாத கடைக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத கடைக்குச் சந்தையில் இடம் கிடையாது. விதியை அறிவித்த கூட்டத்தில் தலைவர் பேசியது இன்னமும் ஊரில் பேசப்படுகிறது.

“சூடு என்றால் என்ன? அவசரம்! அவசரம் என்றால் என்ன? பெரியவர் வருவதற்கு முன்னால் சாப்பிடுவது! நமது முன்னோர் அப்படிப்பட்டவர்களா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அரசுப் பணிக்கு வந்த நாளிலிருந்து ஒரு முறையாவது சூடாகச் சாப்பிட்டிருக்கிறேனா? இல்லை! நான் சாப்பிடாத ஒன்று எப்படி நம் மரபாக இருக்க முடியும்?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வியாபாரிகள் புத்திசாலிகள். ஒருவர் சட்டிகளை வரிசையாக வைத்து எதிரில் பெரிய மின்விசிறியை ஓடவிட்டார். இன்னொருவர் ஐஸ் பெட்டி வாங்கினார். மூன்றாமவர், ஆட்டுக் கொழுப்பை உருக்கி வட்டவட்டமாக உறையவைத்து, சட்டியின் வாய் அளவுக்கு வெட்டி, மற்ற கடைகளுக்கு மொத்தமாக விற்க ஆரம்பித்தார். கொதிக்கிற குழம்பின் மேல் போட்டால் உருகிவிடுகிறது என்று புகார் வந்ததும், உருகாத ரகத்தையும் கொண்டுவந்தார். அது எதனால் செய்யப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

வாரியமும் சும்மா இருக்கவில்லை. அடுத்து இஞ்சித் தண்ணீர் ஆறியபின்தான் அசல் என்று கண்டறிந்தது. பொரித்த தெம்பே என்னும் சோயாவில்லை, வளைத்தால் உடையாமல் வளைய வேண்டும் என்று கண்டறிந்தது. மொறுமொறுவென்ற க்ருபுக் அப்பளம் ஒரு கூட்டத்தில் தலைவரின் பேச்சுக்கு நடுவே யாரோ கடித்துச் சத்தம் எழுப்பிய பிறகு, அசல் அப்பளத்துக்குச் சத்தமே கிடையாது என்றும் கண்டறிந்தது. நமத்துப்போன அப்பளம் கடைகளில் இரட்டை விலைக்குப் போனது. சமையல்காரர்களுக்காக ஒரு ஹோட்டலில் ‘முறையாகக் காத்திருத்தல்’ என்ற பயிற்சி நடந்தது. ஹோட்டல்காரர்கள் விவரம் தெரியாமல் மதியச் சாப்பாட்டைச் சூடாகப் பரிமாறிவிட்டார்கள். வாரிய அதிகாரி ஒருவர் பழக்கமில்லாமல் வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அன்றைய பயிற்சியை நிறுத்தவேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் விளக்க உரை எழுதியவன் குனார்சோ. உணவு வருவதற்கு முந்தின நாளே அதன் சுவையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தலைவர் திருத்தி ஒப்புதல் தருவார். அதற்குப் பிறகு சாப்பிட்டுப் பார்ப்பார்கள். சாப்பிட்டது உரையோடு ஒத்துப்போகவில்லை என்றால் சமையல்காரரை மாற்றிவிடுவார்கள். அவனுடைய தொழில் வாழ்க்கையில் அதைவிட உயரமான இடம் கிடையாது. பத்திரிகையில் படம் போட்டார்கள். சொந்தக்காரர்கள் இனிப்புப் பெட்டியோடு வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு வாரியத்தில் வேலை கேட்பதற்காக, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு கடை மட்டும் கொதிக்கக் கொதிக்கவே பரிமாறிக்கொண்டிருந்தது.

“வாங்க, மெராப்பி மலை,” என்றாள் வெனிங், அவனைக் கண்டதும்.

“வெனிங், ப்ளீஸ்...”

“ஏன்? நல்லாத்தானே எழுதினீங்க? பனிமூட்டம்! என் சட்டியில இருந்தது கொழுப்பு, மாஸ். ஆறிப்போன கொழுப்பு. அதைப் பார்த்துக் கண்ணு நிறைஞ்சுச்சாமே.”

“எல்லாரும் அருமைன்னாங்க. நான் மட்டும் எப்படி...”

“நீங்க மட்டும் ‘ஆறிடுச்சு’ன்னு சொல்லியிருக்கலாம்.”

வெனிங் முன்னாள் பேருந்துக் கம்பெனி ஊழியர். பயணச்சீட்டு கிழிக்கும் இடத்தில் பத்து வருடம் உட்கார்ந்தவள். கணவர் இறந்தபின் வேலையை விட்டு இந்தக் கடையை எடுத்தாள். பஸ் நிலையத்தில் கற்ற பழக்கமோ என்னவோ, சோலோக்காரியாக இருந்தும் நேராகப் பேசுவாள். குனார்சோவுக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான், பயமும் அதுதான்.

வாரியத்தின் ஆய்வாளர் ப்ரியோ என்பவர் அளவுகோலோடு அவள் கடைக்கு வாரம் தவறாமல் வருவார். பரிமாறிய கிண்ணத்தின் அருகே நின்று படலம் வருகிறதா என்று காத்திருப்பார். அவர் காத்திருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர்கள், படலம் வருவதற்குள் வேகவேகமாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் ஆய்வு முடியவே முடியாது; முடியாத ஆய்வை வைத்துக் கடையை மூடவும் முடியாது.

“சார், நின்னுகிட்டே இருக்கீங்களே,” என்பாள் வெனிங். “ஒரு கிண்ணம் சூடா சாப்பிடுங்க.”

ப்ரியோ இரண்டு பக்கமும் பார்ப்பார். எச்சில் விழுங்குவார். “பணியில இருக்கேம்மா,” என்பார். போகும்போது ஆழமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு போவார்.

கடைசியில் எச்சரிக்கை வந்தது. ஜகார்த்தாவிலிருந்து ஹர்தோபோ என்ற மிகப் பெரிய அதிகாரி வருகிறார். சோலோ தெங்க்ளெங்குக்கு நாடு தழுவிய அங்கீகாரம் தரப்போகிறார். தொடக்க விழாவில் சமைத்தவள் என்பதால் அன்றைக்கும் வெனிங்தான் சமைக்க வேண்டும். வெண்படலத்தோடு பரிமாறினால் சான்றிதழ். இல்லாவிட்டால் அவள் இடம் கொழுப்பு வட்டம் விற்கிறவருக்குப் போகும்.

“நான் ஆக்குறேன்,” என்றாள் வெனிங் குனார்சோவிடம். “ஆற வைக்கிறது அவங்க பாடு. ஆனா ஆறினதை என் கடையில விக்க மாட்டேன். விழா முடிஞ்சதும் கடையைக் காலி பண்ணிட்டு செமாராங்குக்குப் போயிடுவேன். அக்கா கூப்பிட்டுகிட்டே இருக்கா. அவ வீட்டுக்காரரோட லாரி கம்பெனியில கணக்குப் பார்க்கணுமாம்.”

“லாரி கம்பெனியா?”

“ஆமா. லாரி ஆறிப்போனா யாரும் பனிமூட்டம்னு எழுத மாட்டாங்க.”

கேட்டுவிடு, இப்போதே கேட்டுவிடு என்று குனார்சோவுக்குள் ஒரு குரல் சொன்னது. “இன்னொரு எலும்பு...” என்று ஆரம்பித்தவன், அதையும் முடிக்காமல் எழுந்து நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனான். தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

“சொல்லுங்க குனார்சோ,” என்றார் தலைவர்.

“ஐயா, அந்த வெண்படலம்...”

“ஆஹா! என்ன அழகு இல்லையா?”

“ஐயா...” குனார்சோவின் கண் அறையைச் சுற்றியது. “ஜன்னல் திரை ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா.”

“என் மனைவி தேர்ந்தெடுத்தது!” தலைவர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். “இதுக்குத்தான் ரசனை உள்ளவன் வேணும்ங்கறது. விழாவுல ஹர்தோபோ ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். அவர் கரண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்க எழுந்து விளக்க உரை வாசிக்கணும்.”

விழா நாள் வந்தது. சந்தைக்கு எதிரிலிருந்த திடலில் பந்தல். பந்தலுக்குப் பின்னால், துணி மறைப்புக்கு அப்பால், வெனிங் கரியடுப்பில் அண்டாவை ஏற்றியிருந்தாள். காலையிலேயே கிண்ணங்கள் மேசைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன; அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ப்ரியோ அளவுகோலோடு ஒவ்வொரு கிண்ணமாகக் குனிந்து பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்.

பேச்சுகள் தொடங்கின. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரையும் பதவி வரிசைப்படி விளித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள் என்பதால், போகப் போகப் பேச்சு குறைந்து விளிப்பு வளர்ந்தது. கடைசியாகப் பேசியவர் விளித்து முடித்ததும் நேரம் முடிந்துவிட்டதென்று உட்கார்ந்துவிட்டார். அவர் பேச்சுதான் அன்று மிகவும் பாராட்டப்பட்டது.

தலைவர் மட்டும் சுருக்கமாகப் பேச மறுத்துவிட்டார். “மேதகு ஹர்தோபோ அவர்களே! இந்த வாரியம் தொடங்கியதிலிருந்து சந்தையில் தெங்க்ளெங் சாப்பிடுவோர் பாதியாகக் குறைந்திருக்கிறார்கள். இது நமக்கு எதைக் காட்டுகிறது? இதற்கு முன் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அசலை விரும்பாத போலிகள் என்பதைக் காட்டுகிறது! மீதிப் பேரையும் விரைவில் கண்டறிவோம்!”

ஹர்தோபோ வயதானவர், ஒல்லியானவர். கறுப்புத் தொப்பிக்குக் கீழே களைத்த கண்கள். விடியற்காலை விமானத்தில் வந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த கிண்ணத்தில் வெண்படலம் பளபளத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட வேண்டியதைப் பார்க்கும் பார்வையாக அது இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இன்னொரு கோப்பைப் பார்க்கும் பார்வை அது.

“இப்போது சுவை விளக்க உரை!” என்றது ஒலிபெருக்கி.

குனார்சோ எழுந்தான். கையில் தாள் இருந்தது. தலைவர் மூன்று இடத்தில் திருத்தி, ‘பனிமூட்டம்’ என்பதை ‘பனிமகுடம்’ என்று உயர்த்தியிருந்தார். குனார்சோ வாயைத் திறந்தான். துணி மறைப்பு காற்றில் விலகியது. அப்பால் வெனிங் தெரிந்தாள். அவள் இவனைப் பார்க்கவில்லை. மிளகாய் அரைக்கும் கல்லைக் கழுவிச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். செமாராங்கில் ஒரு லாரி கம்பெனி அவளுக்காகக் காத்திருந்தது.

“மேதகு ஐயா அவர்களே,” என்றான் குனார்சோ. தாளைப் பார்த்தான். பாராட்டுவதற்கு ஒரு ஜன்னல் திரையும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. “தெங்க்ளெங்...”

பந்தல் காத்திருந்தது.

“தெங்க்ளெங் ஆறிடுச்சுங்க ஐயா.”

அவன் எழுதியதும் பேசியதுமான எல்லா விமர்சனங்களிலும் சின்னது அதுதான். ஒலிபெருக்கி அதைச் சந்தையின் கடைசி மூலை வரைக்கும் கொண்டுபோனது. தலைவரின் முகம் வெண்படலத்தின் நிறத்துக்கு வந்தது. அதிகாரிகள் எல்லாரும் தங்கள் மடியில் இருந்த கைகளை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். யாரோ ஒருவர், இதற்கு யாராவது மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்ற பழக்கத்தில், “மன்னிக்கணும்,” என்றார்.

ஹர்தோபோ நிமிர்ந்தார். அவன் பக்கம் திரும்பினார். பிறகு இருபுறமும் பார்த்துக்கொண்டு, ப்ரியோ வழக்கமாகப் பார்ப்பாரே அதேபோல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எல்லாமே ஆறிடுச்சா தம்பி? இல்ல, அந்தப் பக்கம் அடுப்புல ஏதாவது இருக்கா?”

“அண்டா கொதிச்சுகிட்டு இருக்குங்க ஐயா.”

“நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு விழாவுல ஆறின சோத்தைப் போட்டாங்க. ‘கொஞ்சம் சூடு பண்ணித் தர்றீங்களா’ன்னு கேட்க நினைச்சேன். அப்ப நான் சின்ன அதிகாரி; கேட்கல. அப்புறம் பெரிய அதிகாரி ஆயிட்டேன். பெரிய அதிகாரி கேட்டா சின்னவங்க பயந்துபோவாங்கன்னு கேட்கல.” அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அடுத்த மாசம் ஓய்வு. இனிமே எப்ப கேட்குறது?”

நேராகத் துணி மறைப்பை விலக்கிக்கொண்டு போய், மேதகு ஹர்தோபோ ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். “அம்மா, எனக்கு ஒரு கிண்ணம். ஆவி பறக்கணும்.”

வெனிங் கரண்டியை எடுத்தாள்.

அடுத்து நடந்ததை வாரியத்தின் ஆண்டறிக்கை, ‘பங்கேற்பாளர்கள் சமையல் பகுதியை நேரில் ஆய்வு செய்தனர்’ என்று குறிப்பிடுகிறது. முதலில் ஓடியவர் ப்ரியோ. அளவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்தார். பதவி வரிசைப்படி நிற்கப் பார்த்தார்கள். ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு மணம் முன்னால் வந்துவிட்டது. துணை இயக்குநர் ஒருவரை எழுத்தர் ஒருவர் முழங்கையால் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. எலும்பை உறிஞ்சும் சத்தம் பந்தலெங்கும் பரவியது. ஹர்தோபோ ஒரு எலும்பைக் கையில் பிடித்து அதன் துளைக்குள் ஒரு கண்ணால் பார்த்து, இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று ஆராய்ந்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

தலைவர் சஸ்மித்தோஹாதி கடைசியாக வந்தார். ஒரு கிண்ணம் குடித்தார். நாக்கு சுட்டது. இன்னொரு கிண்ணம் கேட்டார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு முழங்கினார்: “தொடக்கத்திலிருந்தே இந்த வாரியம் சூட்டின் பக்கம்தான் நின்றிருக்கிறது! படலம் என்பது வெறும் முதற்கட்டம்! சூட்டை முறைப்படுத்த ஒரு துணை வாரியத்தை இக்கணமே அமைக்கிறேன்! இந்த அம்மையாரின் கடைக்கு முதல் சான்றிதழ்!”

யாரும் கைதட்டவில்லை. எல்லார் கையிலும் எலும்பு இருந்தது.

குனார்சோ அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி விசிறிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, கரி மங்குவதைப் பார்த்து அவனாகவே விசிறியை எடுத்திருந்தான். புகையில் கண் எரிந்தது. வெனிங் அள்ளி அள்ளி ஊற்றினாள். நீட்டிய கைகள் குறையவே இல்லை.

“வேகமா விசிறுங்க மாஸ், கொதி அடங்குது பாருங்க,” என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமலே, “நல்லா எழுதியிருந்தீங்க இன்னிக்கு,” என்றாள்.

“எழுதல. சொன்னேன்.”

“ஆமா, சொன்னீங்க.” அவள் மேலும் இரண்டு கிண்ணங்களை நிரப்பினாள். “சான்றிதழ் தர்றாங்களாம். என்ன பண்றதுன்னு தெரியல. அக்காவுக்கு வர்றேன்னு சொல்லியாச்சு. மூட்டையும் கட்டியாச்சு.”

குனார்சோ எழுந்து நின்றான். முகமெல்லாம் சாம்பல். பாத்திக் சட்டையின் கடைசிப் பொத்தான் எப்போதோ தெறித்துப் போயிருந்தது.

“என்ன மாஸ், ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நிக்கிறீங்க? சொல்றதா இருந்தா சட்டுனு சொல்லுங்க. பின்னால துணை இயக்குநர் நிக்கிறார்.”

“நிக்கட்டும்,” என்றான் குனார்சோ. “வெனிங், செமாராங்குக்குப் போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க.”